மயக்க டாக்டர் கேட்ட கேள்வி

சேசு மரி சூசை துணை

பாம்பன்

அன்பு மகள் ஹெலனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் பேரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடிக்கொண்டே இருக்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் தம்பிக்கு முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. உன் அய்யா இன்னும் கடலுக்குப் போகவில்லை. பேரனின் தொண்டைச் சதை ஆபரேசனைத் தள்ளிப் போடு என்று போனில் ஏன் கத்தினேன் என்று கேட்டாய். அதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் லீவில் வந்த நம் தெரு காஜா நவாஸ் அங்கே தோகாவுக்குத் திரும்பும்போது இதைக் கொடுத்து அனுப்புகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

தம்பி கிளாட்சன் குடல்வால் ஆபரேசனில் போய்விட்டான் என்றுதான் உனக்குச் சொன்னோம். கத்தி வைக்கவே இல்லை மகளே. மயக்க ஊசி போட்டதும் தாடை இறுகிப் பல் கிட்டிக்கொண்டது, உடம்பு விறைத்து நெருப்பாய்க் கொதித்தது. மயக்க டாக்டர் கவிப்ரியா, உன் வயதுதான் இருக்கும், உடனே மயக்க வாயுவை நிறுத்திவிட்டு ஐஸ் கேட்டாள். அய்யா ரோட்டில் போன மீன் வண்டியை மறித்துப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். இறாலை அடுக்குவது போல என் பிள்ளையை ஐஸில் வைத்தார்கள், அப்போதும் சூடு இறங்கவில்லை. அதற்கான மாற்று மருந்து அங்கே இல்லை, மதுரையில் கேட்டும் கிடைக்கவில்லை.

உள்ளே கொண்டுபோகும் முன் அவள் என்னிடம், "உங்க குடும்பத்துல யாருக்காச்சும் மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?" என்று கேட்டாள். என் தம்பி டேவிட்ராஜ் பத்து வயதில் கால் முறிந்து ஆபரேசனுக்குப் போய் இப்படிக் கொதித்துத்தான் செத்தான். அது தொண்டை வரை வந்தது. ஆனால் கடலுக்குப் புறப்படுகிறவன் முன்னால் செத்தவர் பேச்சை எடுக்காத வீடு நம்முடையது. பிள்ளை படுத்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், போகிற நேரத்தில் அபசகுனமாக வாயைத் திறப்பானேன் என்று, "யாருக்கும் இல்லம்மா" என்றுவிட்டேன். பிறகு நம் ஆட்கள் அவளை அடிக்கப் போனபோதும் பேசாமல்தான் நின்றேன். நான் பாவி. மறுவாரம் தனியாகப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. இது ரத்த வழியில் வருவது, என் மூலமாக உனக்கும் பேரனுக்கும் இருக்கலாம், சக்சினைல்கோலின் ஊசியும் மூச்சில் இழுக்க வைக்கும் மயக்க வாயுக்களும் ஆகாது, வேறு மருந்தில் மயக்கலாம், டான்ட்ரோலீன் என்ற மருந்தைக் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. அய்யாவிடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன், அதற்குப் பிறகு என் கையால் சாப்பிடுவாரோ என்னவோ.

மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். அங்கேயும் உன்னை அதே கேள்வி கேட்பார்கள். பிள்ளை பக்கத்தில் இருக்கிறானே என்று பார்க்காதே. மாமா செத்ததைச் சொல், தம்பி செத்ததைச் சொல். அவனைப் பெற்றவளுக்கு முன்பே தெரியும் என்பதையும் சொல்லிவிடு.

இப்படிக்கு
உன் அம்மா
லீமாரோஸ்