நான்தான் கழுகு

செவ்வாய்க்கிழமை
ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி

உடன்பிறந்த தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். போனை அணைத்துப் போட்டுவிட்டு உங்கள் இணைய மன்றத்தில் மட்டும் மணிக்கொரு பதிவு போட்டுக்கொண்டிருக்கிறாயாம், உன் சிநேகிதன் ரொட்டி சொன்னான். அதனால்தான் தபால். இதை நீ வரிவரியாக வெட்டி ஒட்டி ஒவ்வொன்றுக்கும் கீழே மறுப்பு எழுத முடியாது. வாயை மூடிக்கொண்டு முழுசாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். வாசல் மணி அடித்தது, உன் அத்தான் போய்க் கதவைத் திறந்தார். நாற்பது வயது ஆள், இஸ்திரி போட்ட சட்டை. 'கழுகு இருக்காருங்களா?' என்று மரியாதையாகத்தான் கேட்டான். உன் அத்தான், 'நான்தான் கழுகு, எங்க கையெழுத்துப் போடணும்?' என்றார்.

கழுகு என்பது மன்றத்தில் நீ வைத்துக்கொண்டிருக்கிற பெயர். ஆறு மாதத்துக்கு ஓர் அறை மாறுகிறவன் நீ. அதனால் நீ வரவழைக்கிற கீபோர்டு, ஸ்டிக்கர், வயர் எல்லாம் அந்தப் பெயரில் எங்கள் வீட்டுக்குத்தான் வரும். பார்சல்காரன் கேட்டால் நான்தான் என்று சொல்லி வாங்கி வைப்பது அவருக்கு மூன்று வருடப் பழக்கம். அன்றைக்கும் பேனாவுக்காகக் கையை நீட்டினார். நீட்டின கையில்தான் முதல் அடி விழுந்தது.

வீல் ஸ்பானர், தம்பி. முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்திருக்கிறான். இரண்டாவது அடி வாயில். மூன்றாவது கண்ணில். எலும்பு உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும், தெரியாமலே செத்திருக்கலாம். நான் பூந்தொட்டியைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். மண்டை பிளந்து காது வழியாக ரத்தம் ஒழுகுகிறது, அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. 'சிரிச்சியேடா, இப்ப சிரி, இப்ப சிரி' என்று சொல்லிச் சொல்லி அடித்தான். எதிர்வீட்டு வெல்டர் ஓடிவந்து அவன் கழுத்தை மடக்கி, அவன் மேலேயே ஏறி உட்கார்ந்தார். அவர் வந்திராவிட்டால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உன் அத்தானுக்கு நாலு பல் போய்விட்டது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். இடது கண் அவ்வளவுதான் என்று டாக்டர் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார். பல் போனது எனக்குப் பெரிசில்லை. பல் செட் செய்வதுதானே என் பிழைப்பு, லேபில் உட்கார்ந்து என் கையாலேயே செய்து மாட்டிவிடுவேன். கண்ணுக்கு எங்கே போவேன்? கிரேன் ஓட்டுகிறவருக்கு ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யச் சொல்கிறாய்? கொக்கிக்கும் கீழே நிற்கிற ஆளுக்கும் எத்தனை அடி இடைவெளி என்று இனிமேல் அவருக்குத் தெரியப்போவதில்லை.

மன்றத்தில் அவன் பெயர் சம்மட்டியாம், போலீஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் விண்டோஸ் கட்சி, நீ லினக்ஸ் கட்சி. கம்ப்யூட்டரை எழுப்புகிற சாமான் எது ஒசத்தி என்று ஏழு கழுதை வயசில் இரண்டு பேரும் நாலு வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். கேட்டவர்களுக்கெல்லாம் உங்கள் கட்சிச் சின்னமான பென்குயின் ஸ்டிக்கரைச் சும்மா அனுப்புகிறாயே, வேறு பெயரில் அவனும் ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறான். உறையின் பின்பக்கம் அனுப்புநர் என்று என் வீட்டு முகவரியை உன் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாய்.

திங்கட்கிழமை ஒரே ஒரு தடவை போனில் கிடைத்தபோது, 'வாதத்துல தோத்துட்டான்க்கா, தாங்கிக்க முடியல' என்றாய். தோற்றவனுக்கே இவ்வளவு திமிரா? அவனை விடாதே. ஜாமீனில் வெளியே வருவான். வந்ததும் எந்தக் கையால் அடித்தானோ அந்தக் கையை முறித்துப் போடு. அம்மா இருந்திருந்தால் பொறுத்துப் போ என்பாள். நான் அம்மா இல்லை.

கடவுள் உன் கைக்குப் பலம் கொடுக்கட்டும்.

அக்கா


வெள்ளிக்கிழமை
ஆஸ்பத்திரி

தம்பிக்கு,

இதை ரொட்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேராது. அவன் கன்னம் வீங்கியிருந்தால் ஏன் என்று கேட்காதே, கீழே நானே எழுதியிருக்கிறேன்.

முதலில் நான் எழுதின அந்தக் கடிதம். அதைக் கிழித்துப் போடு என்று சொல்லலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் நீ அதைப் படம் பிடித்து மன்றத்தில் போட்டுவிட்டாயாம். ரொட்டி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றான். 'அக்கா, உங்க லெட்டருக்கு முந்நூறு பேர் கை தட்டியிருக்காங்க. வேன் பேசியாச்சு, நாலு பேரு கிளம்புறோம். சம்மட்டிக்குச் சனிக்கிழமை ஜாமீன், நாங்க ஞாயித்துக்கிழமை காலைல அவன் வீட்டுல' என்றான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி சொல்கிறான். புருஷன் உடைந்து கிடக்கிற வயிற்றெரிச்சலில் ஒருத்தி உனக்கு மட்டும் என்று எழுதினதை ஊர் கூட்டிப் படிக்கக் கொடுப்பாயா? வெட்கமாக இருக்கிறது. எழுதினதற்கும்தான் வெட்கமாக இருக்கிறது.

நீ தபாலைப் பார்ப்பதற்குள் இங்கே ஒன்று நடந்துவிட்டது. புதன்கிழமை மத்தியானம் வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்து எதிரே நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி. ஒரு நோட்டை என் முன்னால் நீட்டினாள். 'உங்கள் வீட்டுக்காரரை அடித்தவருடைய மனைவி நான்' என்று எழுதியிருந்தது.

அதற்கு மேல் நான் படிக்கவில்லை. எழுந்து அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினேன். நர்ஸ் வந்து பிரிக்கும்வரை அடித்தேன். அவள் கத்தவில்லை. அழுத்தக்காரி, கல்லுளிமங்கி என்று எனக்கு இன்னும் வெறி ஏறியது. துணி அவிழ்ந்து விழுந்த பிறகுதான் பார்த்தேன். தொண்டைக் குழியில் ஒரு ஓட்டை. அது வழியாகத்தான் மூச்சு விடுகிறாள். வாய் திறந்துதான் இருந்தது, கத்தத்தான் பார்த்திருக்கிறாள், சத்தம் வரவில்லை.

பிறகு ஒரு மணி நேரம் நான் கேட்டேன், அவள் எழுதினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின மாதம் முழுக்க அவன் அவளை உட்கார வைத்துப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறான். மகளுக்குக் கதைகள், மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, திட்டுவது, சாப்பிட வா என்பது, சிரிப்பது. மகளுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் ஒரு கதை போட்டுக் கேட்பாளாம்.

கம்ப்யூட்டர் பழசாகி இழுக்க ஆரம்பித்திருக்கிறது. லினக்ஸ் போட்டால் பழசும் ஓடும் என்று நாலு வருடமாக நீ சொன்னதை அவன் கடைசியில் நம்பிவிட்டான். போட்டும் பார்த்தான். வைஃபை வேலை செய்யவில்லை. கூச்சத்தை விட்டுவிட்டு, மன்றத்தில் உன்னிடமே வந்து கேட்டான். நீ ஒரு வரிக் கட்டளை எழுதிக் கொடுத்து, இதை ஓட்டு, சரியாகிவிடும் என்றாய். அவன் ஓட்டினான். கம்ப்யூட்டரில் இருந்தது அத்தனையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது. நகல் எடுத்து வைக்கக்கூடாதா என்று கேட்டேன். நகல் இருந்த பெட்டியும் அதிலேயே செருகியிருந்தது, அதுவும் போய்விட்டது என்று எழுதினாள். கடை கடையாக ஏறி இறங்கியும் ஒரு சொல்கூடத் திரும்பக் கிடைக்கவில்லையாம். மன்றத்தில் மூன்று நாள் சிரித்தீர்களாம். சிரிப்பைத் தொடங்கி வைத்தவன் நீயாம்.

இன்றைக்கு ரொட்டி வந்து வேன் கதை சொன்னபோது, இதெல்லாம் நிஜமா என்று கேட்டேன். 'அது பழைய ஜோக்குக்கா. புரியாத கட்டளையை எவனாச்சும் ஓட்டுவானா? பாலபாடம் அது' என்றான். அப்போதுதான் அவன் கன்னத்தில் விழுந்தது. உனக்குச் சேரவேண்டியது அது, அவனிடம் வாங்கிக்கொள். சண்டையில் எதிராளியை அடிப்பது ஒரு ரகம். தோற்றுப்போனேன், சொல்லிக்கொடு என்று வாசலில் வந்து நின்றவனை அடிப்பது என்ன ரகம்? நம் வீட்டில் யாரும் அப்படி வளரவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கோர்ட்டில் அவனை நோக்கிக் கையை நீட்டி, இவன்தான் என்று சொல்வேன். எத்தனை வருடம் கொடுத்தாலும் எனக்குப் போதாது. அதே கோர்ட்டில் நீ செய்ததையும் சொல்வேன், இப்போதே தெரிந்துகொள். உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாடை கட்டியிருக்கிறதால் அவர் பேசுவது எனக்கு மட்டும்தான் விளங்குகிறது. 'ரெண்டு பேரையும் ஒரே கொக்கியில மாட்டித் தூக்குறேன், எனக்கு ஒரு கண்ணு போதும்' என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மத்தியானக் கஞ்சியைத் தொடவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாலு பேர் இரும்பைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் புகுந்தால் அவன் மட்டும் அடி வாங்குவான் என்று நினைக்கிறாயா? அவள் குறுக்கே விழுவாள். அந்தக் கழுத்தில் ஒரு கை பட்டால் போதும், மூச்சு நின்றுவிடும். ஐயோ என்று கத்தி அக்கம்பக்கத்தைக் கூப்பிட அவளால் ஆகாது. எட்டு வயதுப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். உன்னைக் கிளப்பிவிட்டவள் நான். முந்நூறு பேர் கை தட்டின பிறகு, போகாதே என்று நான் ஒருத்தி சொன்னால் உன் காதில் ஏறுமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். போனில் மெசேஜ் அனுப்பி அவளிடம் சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று மூன்று தடவை எழுதினாள், நான் கேட்கவில்லை. வேன் வந்து நின்றால் கதவைத் திறப்பது உன் அக்காவாக இருக்கும். உள்ளே போகவேண்டும் என்றால் என்னை அடித்துப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எவன் முதலில் கை ஓங்குகிறான் என்று நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, உங்களை நினைத்து இல்லை. என் புருஷன் கண்ணைப் பறித்தவன் நாலடி தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். அந்த வீட்டில் கத்தி எங்கே இருக்கிறது என்று என் கண் தேடாமல் இருக்கவேண்டும். அவளை அடித்த அன்றைக்கு என் கை நிற்கவே இல்லை, தம்பி. நீ வெளியே இரும்போடு நின்று சத்தம் போட்டால், உள்ளே நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. உன்னைத் தடுக்கப் போகிறவள் உனக்கு முந்திவிடுவேனோ என்று இருக்கிறது.

நீ வராமல் இரு. சாயங்காலம்வரை அங்கே சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து, 'யாரும் வரலைங்க' என்று உன் அத்தானிடம் சொல்கிற பாக்கியத்தை எனக்குக் கொடு.

இன்னமும் உனக்கு அக்காவாகவே இருக்க ஆசைப்படுகிற,

அக்கா