இரண்டு மூடிகள்

மார்ச் 3, செவ்வாய்

மருமகளை மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. மூன்று வாரத்தில் மூன்றாவது முறை. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டாள். சற்று நேரத்தில் வியர்த்துக் கொட்டி, குளியலறை வாசலில் விழுந்தாள். ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்தில். அவளுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. டாக்டர்கள் கையைப் பிசைகிறார்கள். "நேரத்துக்குச் சாப்பிட்டா ஏன் மயக்கம் வருது?" என்று மகனிடம் சொன்னேன். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

இந்த நோட்டில் கோடுகளை மிக மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

இளைய டாக்டரம்மா கேட்டாள்: "வீட்ல யாருக்காவது சுகர் இருக்காம்மா?"

"எனக்கு இருக்கு. ரெண்டு பேர் மாத்திரையையும் வாராவாரம் நான்தான் டப்பாவுல அடுக்கறேன். கான்வென்ட்ல படிச்சவ நான். தப்பு வராது."

"இருந்தாலும் சுகர் மாத்திரை கலந்திருக்கான்னு பாக்க ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பறோம். முடிவு வரப் பத்து நாளாகும்."

என்ன திமிர்! தைராய்டு மாத்திரையை மட்டும் வீட்டு டப்பாவிலிருந்தே கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கும் கொஞ்ச நாளாக நெஞ்சு படபடக்கிறது, நா வறள்கிறது. கவலைதான்.

மார்ச் 8, ஞாயிறு

மாத்திரைகளைப் பட்டையிலிருந்து உரித்து, ஒரே மாதிரியான இரண்டு புட்டிகளில் போட்டு, மூடியில் பெயர் ஒட்டுவது என் வழக்கம். அவளுடையதில் ஒன்று கீழே விழுந்தது. கையால் துழாவி எடுத்தேன். நடுக்கோடு நகத்தில் தட்டியது. கோடு போட்டது என் சர்க்கரை மாத்திரையல்லவா?

என் கணவருடைய பழைய பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன்.

போன மாதம் புட்டிகளைக் கழுவிக் காய வைத்தேன். மூடிகளை —

கடவுளே.

மார்ச் 9, திங்கள்

டப்பாவில் சரியான மாத்திரையை மாற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

காலைச் சர்க்கரை சரியாக இருந்தது. "என்னால உங்களுக்கும் அலைச்சல் அத்தை" என்றாள். குணமாகிவிட்டாளே, இனிச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? — இதை நானா எழுதுகிறேன்?

மார்ச் 11, புதன்

ஸ்கேனில் கணையத்தில் கடுகளவு ஒரு புள்ளி. "அதுதான் சர்க்கரையை இறக்குதுன்னு நினைக்கிறோம். லேப் முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை திறந்து எடுத்துடலாம்" என்றார் பெரிய டாக்டர். கையெழுத்துப் போட மகன் என்னிடம் பேனா கேட்டான்.

கொடுத்தேன். கொடுத்தேனே!

மார்ச் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். அவள் கட்டிலருகே, எல்லார் முன்னாலும், இரண்டு புட்டிகளையும் வைத்து. அறுவையை நிறுத்திவிட்டார்கள். அந்தப் புள்ளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்.

டாக்டரம்மா என் நாடியைப் பிடித்தாள். "இத்தனை நாளா அவங்க மாத்திரைய நீங்க சாப்பிட்டிருக்கீங்க. படபடப்பு இல்லையா?" பிறகு கண்ணில் விளக்கடித்தாள். "கண்ல புரை எவ்வளவு நாளா இருக்கு?"

என் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "ரெண்டு வருஷமா" என்றேன்.

"எப்பம்மா தெரிஞ்சது?" என்றான் மகன்.

"ஞாயித்துக்கிழமை."

"நேத்து பேனா கேட்டேனேம்மா."

"ஒரேயடியா என்னை அனுப்பிடப் பாத்தீங்களா அத்தை?" என்று சிரித்தாள் மருமகள். கண்ணில் சிரிப்பில்லை. அது எனக்கே தெரிந்தது.

ஏப்ரல் 19, ஞாயிறு

இரண்டு கண்ணும் தெளிந்துவிட்டன. இந்த நோட்டின் கோடுகள் நல்ல அழுத்தமான நீலம். முதல் பக்கத்திலிருந்தே.

மாத்திரைகளை இப்போது மருமகள்தான் அடுக்குகிறாள், பட்டையோடு வெட்டி. என் டப்பாவை மேசையில் வைத்தாள். நான் திறந்து சரிபார்க்கவில்லை.

அவளுடைய டப்பா எங்கே என்றும் கேட்கவில்லை. அது அவள் கைப்பையில் இருக்கிறது. தினமும் காலையில், ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் என் அறை வரை கேட்கிறது.