வார்னிஷ் பூச வர வேண்டாம்

பெர்கன்,
செப்டம்பர் 14, 1853.

அன்புள்ள ஐவின் அண்ணனுக்கு, ராக்னில் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பதினொரு நாளாக மழை. என் வீட்டுக்கு வந்த பிறகு அண்ணி முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடுகிறார்.

உன் புதுப் படங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்தேன். ஆரம்பத்தில் பிர்ச் மரங்களை இலை இலையாக வரைந்தாய், பிறகு அருவியும் புயலும் வந்தன, இப்போது பனிமூட்டமும் நீரும் மட்டும்தான், ஆள் நடமாட்டமே இல்லை, இதுதான் உன் கலையின் முதிர்ச்சி என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணிக்கு அதைப் படித்துக் காட்டவில்லை.

உன் ஏரிப் படம் ஒன்றை வாங்கிய திருமதி குரோக் போன வாரம் கிறிஸ்டியானியாவிலிருந்து வந்திருந்தார். "படத்துக்கு வார்னிஷ் பூசுறேன்னு வந்தாரு உங்க அண்ணன். போனப்புறம் பார்த்தா, பாறை மேல நின்ன சிவப்புக் குல்லாப் பொண்ணக் காணோம். கூலிக்குப் பதிலா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாரு போல" என்று சிரித்தார். அவருடைய தங்கை வீட்டிலும் அப்படித்தானாம். அந்தப் பெண் உன் மகள் என்றோ, இரண்டு வருடத்துக்கு முன் போய்விட்டாள் என்றோ அவருக்குத் தெரியாது. நான் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

இப்போது என் வீட்டுப் படத்துக்கும் வார்னிஷ் பூச வருவதாக எழுதியிருக்கிறாய்.

அண்ணா, அது எந்த நாளில் வரைந்தது என்று எனக்கும் தெரியும். சாம்பல் நிற ஏரிக்கு முன்னால் ஒரு சிவப்பு வேண்டும் என்று சிக்னேக்குக் குல்லாவை மாட்டிப் பாறையில் நிற்க வைத்தாய். தூறல் பிடித்தது. "அத்தை, கால் சில்லுங்குது" என்றாள். நீ தூரத்தில் இருந்தாய், உனக்குக் கேட்டிருக்காது. "இன்னும் கொஞ்ச நேரந்தான் கண்ணு, அப்பா முடிச்சிடட்டும்" என்று சொன்னது நான். ஒன்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இதுவரை உன்னிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணி தினமும் காலையில் தன் நாற்காலியை அந்தப் படத்துக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். எத்தனையோ மலைகளை வரைந்தாய், சிக்னேயின் முகத்தை ஒருமுறைகூட வரையவில்லை. இந்தப் படத்திலும் முகம் இல்லை. பாதி நகம் அளவுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். அண்ணிக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

நீ வா. கடல் மோசமாவதற்குள் வா. வர்ணப் பெட்டியை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா. அண்ணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டு வைத்திருக்கிறேன்.

கடவுள் நம் இருவருக்கும் இரங்கட்டும்.

உன் தங்கை,
ராக்னில்