இரண்டாம் நம்பர்

நாள் 212. காலை 07:10

வழக்கமான பதிவு. நிலாவின் தென்முனை, மூன்றாம் சுரங்க நிலையம். காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. தண்ணீர்த் தொட்டி 81 சதவீதம். இருப்பவர்கள் இரண்டு பேர்.

எழுதுவது ஜெனோவா, லேப் டெக்னீஷியன். இதைக் கண்டெடுப்பவருக்கு ஒரு விளக்கம். சுரங்கத்தை மூடியாச்சு. நாற்பத்தோரு பேர் கடைசிக் கப்பலில் ஊருக்குப் போயாச்சு. நிலாத் தூசி எங்கள் இருவரின் கிட்னியையும் தின்றுவிட்டது, அதனால் நாங்கள் மட்டும் பாக்கி. டயாலிசிஸில் இருக்கிற ஆளை ஏற்றினால் பூமிக்குள் இறங்கும்போது நெஞ்சு நின்றுவிடுமாம். புதுக் கிட்னி வைத்துத் தேறினால்தான் டிக்கெட்.

இன்னொருவர் சேவுகப்பெருமாள் அண்ணாச்சி. டிரில்லிங் ஆபரேட்டர், தேவகோட்டைக்காரர், வயது 54. டயாலிசிஸ் மெஷின் ஒன்றுதான். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் அவருக்கு, மாலையில் எனக்கு. இருவருக்கும் ஊசி குத்துவது நான். இருபத்திரண்டு வருடம் டிரில் பிடித்ததில் அவர் விரலெல்லாம் மரத்துப்போச்சு. சட்டைப் பட்டனையே நான்தான் போட்டுவிடணும். அதற்கும் ஒரு நன்றி கிடையாது, மேல் பட்டன் கழுத்தை இறுக்குதென்று குறை.

நாள் 213. காலை 09:30

பூமியிலிருந்து டாக்டர் ஃபர்ஹானா. பதிவான ஒலி:

"ஒரு கிட்னி கிடைச்சிருக்கு. ரெண்டு பேருக்குமே பொருந்துது. லிஸ்ட்படி சேவுகப்பெருமாள் முதல் ஆள். ஜெனோவா, நீங்க ரெண்டாவது. 216ஆம் நாள் மதியம் ஆளில்லாத கப்பல்ல கிட்னிப் பெட்டி வந்து சேரும். ரெண்டு பேருமே வெறும் வயித்தோட தயாரா இருக்கணும். அன்னைக்கு ரத்தத்துல அவருக்கு ஏதாவது சரியில்லன்னா, உங்களுக்கு வைப்போம்."

ஊர் ஆஸ்பத்திரியிலும் இதே வழக்கம்தான். ஒரு கிட்னிக்கு இரண்டு பேரைப் பட்டினி போட்டு வரச் சொல்வார்கள். ஒருத்தர் பெயரை வாசித்ததும் மற்றவர் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கு இங்கே பஸ்ஸும் கிடையாது.

அண்ணாச்சி என் முகத்தையே பார்க்கவில்லை. பெரிய தப்பு செய்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நாள் 214. மாலை 17:00

அவர் மனைவி சிட்டாள் அக்கா பேசினார்:

"ஏங்க, போன பார்சல்ல இளநி பாக்கெட்டு ஆறு வச்சுவிட்டேன்ல, பத்திரமா இருக்கா? ஆபரேஷன் முடிஞ்சு டாக்டரு சரின்னதும் குடிங்க. ஒடம்புச் சூடு தணியும். ஜெனோவா, நீயும் ரெண்டு எடுத்துக்கத்தா."

நல்ல மனசு. ஆனால் கிட்னி போனவனுக்கு இளநீர் விஷம். அதில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கினால் துடிக்கிற நெஞ்சு துடிக்காது. அண்ணாச்சிக்கும் இது தெரியும். நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன்.

நாள் 215. மாலை 18:40

காலையில் அண்ணாச்சிக்கு டயாலிசிஸ் முடிந்தது. பொட்டாசியம் 4.4. இப்போது என் முறை. ஊசி குத்தியாச்சு. குறிப்பிட வேறு எதுவும் இல்லை.

நாள் 216. மதியம் 12:35

பெட்டி வந்துவிட்டது. ரத்தம் பார்த்தேன். என் பொட்டாசியம் 4.6. அவருக்கு 7.3, கத்தி வைத்தால் நெஞ்சு நின்றுவிடுகிற அளவு. மறுபடி பார்த்தேன். 7.3.

அவரே சொன்னார்:

"மூணு பாக்கெட்டுத்தான் தாயி. விடிஞ்சா வெறும் வயித்தோட கெடக்கணுமேன்னு நேத்துச் சாயங்காலமே குடிச்சுப்புட்டேன். நாளைக்குத்தான் புதுசு வருதேங்கிற தெம்பு."

பூமியிலிருந்து டாக்டர்:

"கிட்னி தாங்குறது இன்னும் அஞ்சு மணி நேரம். ஆபரேஷனுக்கே மூணரை மணி நேரம் ஆகும். அவருக்குப் பொட்டாசியத்த மெஷின்ல இறக்கிட்டு வைக்க நேரமில்ல. ஜெனோவா, நீங்க ஆபரேஷன் ரூமுக்குள்ள போங்க."

அவரை மெஷினில் படுக்க வைத்து, ஊசி குத்தி, டேப் ஒட்டினேன். அவர் சொன்னது: "போ தாயி. வாயக் கட்டத் தெரியாதவனுக்கு இதான் கூலி. நீயாச்சும் ஊரு போய்ச் சேரு."

நாள் 217. காலை 10:15

உயிரோடு இருக்கிறேன். ஆபரேஷன் செய்கிற சர்ஜன் மெஷின் தையல் போட்டு முடித்திருக்கிறது. சிறுநீர் மூன்று லிட்டர்! மூன்று வருஷத்துக்குப் பிறகு. பையில் மஞ்சளாக இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

கிட்னியை உடம்பு தள்ளாமல் இருக்க மருந்து ஏறுகிறது. அது என் வெள்ளை அணுக்களைச் சுத்தமாகத் துடைத்துவிடும். அதனால் 230ஆம் நாள் மதியம் வரை இந்த அறைக்குள்தான். கதவு உள்ளிருந்து திறக்காது. அவசரத்துக்கு வெளியே ஒரு கைப்பிடி இருக்கிறது. பூமியிலிருந்தும் திறக்க வழியில்லை. கதவில் ஆள் உயரத்தில் ஒரு கண்ணாடி, அதன் வழியாக அண்ணாச்சி கையசைத்தார். இருமிக்கொண்டே கையசைத்தார்.

இப்போதுதான் உறைத்தது. மெஷின் வெளியே. அவர் வெளியே. ஊசி குத்துகிற நான் உள்ளே.

நாள் 218. காலை 08:50

ஸ்பீக்கரில் சொல்லிக்கொடுத்தேன். இடது கையில் நரம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். "தடவுனா என்னத்தத் தெரியுது, கட்டைய வச்சுத் தடவுற மாதிரி இருக்கு" என்றார். ஐந்தாவது குத்தில் ஏறியது. நாலு மணி நேரம் ஓடியது. மாதாவே, நன்றி.

நாள் 220. காலை 11:20

எட்டுக் குத்து. தரையெல்லாம் ரத்தம். ஒன்றரை மணி நேரத்தில் ஊசி நழுவி மெஷின் நின்றுவிட்டது. மறுபடி குத்த அவருக்குத் தெம்பில்லை. "போதும் தாயி, நாளன்னைக்குப் பாப்போம்."

கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் எனக்கு 1.0. ஆரோக்கியமானவளின் எண்.

நாள் 222. காலை 09:40

கை வீங்கிவிட்டது. நரம்பு அகப்படவில்லை. பன்னிரண்டு தடவை. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று "மேல, மேல, இன்னும் கொஞ்சம் மேல" என்று கத்தினேன். தொண்டை போனதுதான் மிச்சம்.

பொட்டாசியம் இறக்கும் பவுடர் இரண்டு நாளைக்கு வரும். அதைக் கலக்கிக் குடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் ஃபர்ஹானாவிடம் கேட்டேன், அவரைக் கதவைத் திறக்கச் சொல்லட்டுமா என்று.

"எனக்கும் மனசு கேக்கல, ஜெனோவா. ஆனா அவருக்கு நெஞ்சுச்சளி இருக்கு. உங்க வெள்ளை அணு இப்ப பூஜ்யம். உங்களுக்குத் தொத்துச்சுன்னா மூணு நாள் தாங்க மாட்டீங்க. அப்புறம் அவருக்கும் ஊசி குத்த ஆளில்ல. நான் திறங்கன்னு சொல்ல முடியாது."

அவங்க சொல்றது சரிதான். சரியாக இருந்து என்ன பிரயோஜனம்?

நாள் 223. மாலை 16:05

அண்ணாச்சிக்கு முகம் ஊதிப்போச்சு. மூச்சு வாங்குது. கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காரு. கைப்பிடி அவர் தலைக்கு மேலே ஒரு ஜாண்தான்.

கெஞ்சினேன். "அண்ணாச்சி, திறங்க. பத்து நிமிஷம். முகமூடி போட்டுக்குதேன், குத்திட்டு உள்ள வந்துருதேன்."

"பத்து நிமிசமா? நாளன்னைக்கு மறுபடியும் பத்து நிமிசம். அதுக்கு மறுநா? ஒத்தக் கிட்னிக்கு ரெண்டு பேரு சாகவா? எவனோ பெத்த புள்ள செத்து நமக்குக் குடுத்தது தாயி அது. வீணடிக்கக் கூடாது."

"வியாக்கியானம் பண்ணாதீங்க. திறங்க!"

"கத்தாத. தையலு பிரியும்."

மனுஷனா இவரு. பட்டன் போடத் தெரியாது, பிடிவாதத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

நாள் 224. காலை 07:30

கதவைத் தோளால இடிச்சேன். ஒண்ணும் ஆகல. தையல்ல ரெண்டு விட்டுப்போச்சு. சர்ஜன் மெஷின் என்னை இழுத்துப் படுக்கப் போட்டு மறுபடி தைச்சுது. மரப்பு ஊசிகூட சரியா ஏறல. வலிக்கட்டும்.

நாள் 224. பிற்பகல் 15:10

இதை முன்னாடியே எழுதியிருக்கணும்.

215 சாயங்காலம் ஆறரைக்கு மெஷினுக்குப் போற வழியில குப்பைத்தொட்டியில மூணு இளநி பாக்கெட்டு காலியா கிடந்துச்சு. பாத்தேன். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அதுதானே என் வேலை. அப்பவே அவரைப் படுக்க வச்சிருந்தா விடியறதுக்குள்ள இறங்கியிருக்கும். எனக்கு மறுநாள் பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. நான் பேசாம போய் என் கையில ஊசியைக் குத்திக்கிட்டேன். "குறிப்பிட வேறு எதுவும் இல்லை"ன்னு எழுதினேன்.

கொல்லணும்னு நினைக்கல. சத்தியமா இல்ல. எனக்குக் கிடைச்சா நல்லாயிருக்குமேன்னு நினைச்சேன். அம்புட்டுத்தான். அதுவே போதும்போல.

நாள் 224. மாலை 16:40

அவர்கிட்டயே சொல்லிட்டேன். கோவத்துலயாவது கதவைத் திறப்பாருன்னு. எல்லாத்தையும் சொன்னேன், குப்பைத்தொட்டி, மணி, பாக்கெட்டு எண்ணிக்கை. "கிட்னி உங்களுது. நான் திருடிட்டேன். திறந்து வந்து என்னை அடிங்க அண்ணாச்சி"ன்னேன்.

அப்புறம் சிரிச்சாரு. இருமிக்கிட்டே சிரிச்சாரு.

"ஏத்தா, என்னா நடிப்பு! தெறக்க வைக்கிறதுக்கு இம்புட்டுப் பொய்யா? தெனம் பட்டன் போட்டுவிட்ட புள்ள, நீ அப்புடிச் செய்வியாக்கும்?"

"மாதா மேல சத்தியம் அண்ணாச்சி."

"பொய்ச் சத்தியத்துக்கு மாதாவ ஏன் இழுக்குற? பாவம் சுத்தும். போய்ப் படு."

நம்பல. நான் உண்மையைச் சொல்ல, அவர் நம்பல. எப்படிச் சொன்னா நம்புவாரு? வேற எப்படிச் சொல்ல?

நாள் 225. காலை 06:55

பவுடர் தீர்ந்துச்சு. பேச்சு குழறுது. ஊருக்கு ரொம்ப நேரம் பேசினாரு, என்ன பேசினாருன்னு எனக்குக் கேக்கல. அப்புறம் ஸ்பீக்கர்ல:

"தாயி... மாத்திரையக் கரெக்டாப் போடு. நேரந் தவறாத."

கண்ணாடியில அவர் தெரியல. ஸ்டூல் காலி. கதவுல சாஞ்சு கீழ உக்காந்திருக்காரு போல. மூச்சுச் சத்தம் கேக்குது.

நாள் 225. மதியம் 13:30

கூப்பிடுதேன். கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். அண்ணாச்சி.

நாள் 227

வெள்ளை அணு ஏறுது. சர்ஜன் மெஷின் "முன்னேற்றம் திருப்தி"ன்னு எழுதிக் காட்டுது. அதை உடைக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல.

மாத்திரை போட்டேன். நேரந் தவறல.

நாள் 230. காலை 11:10

கிரியேட்டினின் 0.9. கப்பல் ஏறலாமாம். அஞ்சு மாசத்துல அனுப்புவாங்களாம்.

சிட்டாள் அக்கா பேசினாங்க. அழுது அழுது குரல் உடைஞ்சிருந்துச்சு:

"ஜெனோவா, நல்லாருக்கியாத்தா? அவரு கடைசியா எங்கிட்டச் சொன்னாரு. அவரக் காப்பாத்தணும்னு ஒம் மேலயே பழியப் போட்டுக்கிட்டியாமே. கதவத் தெறந்தா நீ செத்துருவேன்னு தெரிஞ்சும், தெறக்கச் சொல்லி எம்புட்டுப் பொய் சொன்னியாம். இப்புடி ஒரு புள்ளய நான் பாத்ததில்லன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. எம்மக மாசமா இருக்கா. பொட்டப்புள்ள பொறந்தா ஒம் பேரத்தான் வைக்கணுமாம். எங்க வாயில நொழையுதோ இல்லையோ, வைக்கப்போறோம். ஒன்னால முடிஞ்ச அன்னைக்கு வீட்டுக்கு வாத்தா."

பதில் பட்டனை அழுத்தினேன். சொல்லணும்னுதான் அழுத்தினேன். வாய் திறந்துச்சு. "சரிக்கா"ன்னு வந்துச்சு. "வாரேங்க்கா"ன்னு வந்துச்சு.

வேற எதுவும் வரல.

நாள் 230. காலை 11:45

இதைப் படிக்கிறவங்களே, நீங்க யாராயிருந்தாலும் சரி. அவர் சொன்னது தப்பு. நான் பொய் சொல்லல. அவங்ககிட்ட சொல்லுங்க. நான் ஊருக்குப் போனாலும் சொல்ல மாட்டேன்னு எனக்கு இப்பவே தெரியுது. அந்தப் பிள்ளைக்கு என் பேர் வேண்டாம். தயவுசெஞ்சு

நாள் 230. மதியம் 12:00

கதவு தானா திறக்குது. அண்ணாச்சி அதுல சாஞ்சு உக்காந்திருந்திருக்காரு. திறந்ததும் என் காலடியில