ஒன்பதாம் வளைவில் மூன்று ஹாரன்

21.1.2025

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு போனதும், சத்துணவுக் கூடத்தில் உட்கார்ந்து வெள்ளிமலைக்கு ஒரு டிரிப் பஸ் ஓட்டினேன். செல்போனில்தான். சத்துணவு அமைப்பாளர், நாற்பத்தேழு வயது, முட்டை உரித்த வாசம் போகாத கை. அந்தக் கையில் ஸ்டியரிங்.

நிஜத்தில் எனக்கு ஸ்கூட்டி கூட ஓட்ட வராது. ஒரே ஒரு தடவை ஓட்டினேன். கரும்பு லாரி சும்மா நின்றுகொண்டிருந்தது, நான்தான் போய் இடித்தேன்.

எங்கள் குழுவுக்குக் ‘கல்வராயன் டெப்போ’ என்று பெயர். பஸ் கேம் ஆடுகிறவர்கள் நூற்று எண்பத்தாறு பேர். நான் அட்மின், அங்கே என் பெயர் ‘மேனேஜர்’. ஓய்வுபெற்ற டிரைவர், பெரிய மீசை, என்று அவர்களாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. “மேனேஜர் சார், எறக்கத்துல பிரேக் சூடானா இன்னா பண்றதுங்க?” என்று கேட்பார்கள். இவருக்குச் சோறு போடும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்து, மறுநாள் பதில் போடுவேன். இவர் என்றால் பழனி, என் வீட்டுக்காரர். கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை ‘அமிர்தம்’ பஸ்ஸின் டிரைவர். நிஜ பஸ், நிஜ டிரைவர். அறிவு அவருடையது, பெயர் என்னுடையது.

8.2.2025

எங்கள் குழுவின் வெள்ளிமலை வீரமணி கேமுக்காக ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்த மலைரோடு மேப் போன வாரம் வந்துவிட்டது. அவன் அங்கே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஒவ்வொரு வளைவாக நடந்து போய் போட்டோ பிடித்துச் செய்திருக்கிறான். கச்சிராயபாளையம் தாண்டியதும் அந்தப் புளியமரம்கூட அப்படியே. காலணா வாங்கவில்லை.

ஒன்பதாம் வளைவில் மூட்டையோடு ஓர் அம்மாள் பொம்மை நிற்கிறது. அது என் உபயம். இவர் அங்கே நிஜமாகவே வண்டியை நிறுத்துவார். பர்மிட்டில் இல்லாத நிறுத்தம். மூன்று தடவை ஹாரன் அடித்தால் கீழே ஒற்றையடிப் பாதையிலிருந்து கொளஞ்சியம்மாள் கடுக்காய் மூட்டையோடு ஏறி வருவாள். புளி, சாமை என்று இன்னும் நாலு பேர் சேர்ந்து வருவார்கள். அடுத்த நிறுத்தம் இரண்டு மைல். பதினோரு வருஷமாக நடக்கிறது. இதை என் அனுபவம்போலக் குழுவில் எழுதிவிட்டேன். இவர் பஸ்ஸின் ஹாரனையும் செல்லில் பதிந்து கொடுத்தேன். இப்போது எல்லாரும் அங்கே நின்று மூன்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகிறார்கள். நிற்காதவர்களுக்கு மேனேஜர் மெமோ.

இன்று நைனார்பாளையம் தமிழ்வேந்தனுக்குக் கொடுத்தது:

“ஒன்பதாம் வளைவில் மூட்டையோடு நின்ற அம்மாளைத் தாங்கள் காணாமல் பறந்தது தெரியவருகிறது. கண்களை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு நாளில் விளக்கம் வராவிட்டால் ஸ்டியரிங் பறிக்கப்பட்டுக் கரண்டி வழங்கப்படும். – மேனேஜர்.”

நூறு சிரிப்பு. எனக்குச் சோறே இறங்கவில்லை, பெருமையில்.

2.3.2025

தமிழ்வேந்தனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. யார் சீக்கிரம் மலை ஏறுகிறார்கள் என்று நேரம் போட்டுப் பட்டியல் விடுகிறான். ஒன்பதாம் வளைவில் நின்றால் இரண்டு நிமிஷம் போகிறதாம். “கேமு ஓட்றமா, பூசை பண்றமா?” என்கிறான். பேச்சு சுவாரசியமாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்துவைத்தேன்.

20.4.2025

பொம்மையை எடு என்கிறார்கள். வீரமணி முடியாது என்கிறான். “அது எங்க ஊரு பொம்பளைங்க நிக்கிற எடம்ங்க. இஷ்டம் இல்லாதவங்க வேற மேப்புல ஓட்டிக்குங்க.”

மறுபடி மறுபடி சண்டை. சரி, ஒரு சிரிப்பு மூட்டினால் அடங்கும் என்று வீரமணிக்கே ஒரு மெமோ எழுதினேன். ‘மலைமேல் சிக்னல் கிடைக்காததால் தங்களுக்கு உலகம் போகிற வேகம் தெரியவில்லை போலும்’ என்று ஒரு வரி. நல்ல வரி என்றுதான் நினைத்தேன்.

21.4.2025

அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். சிக்னல் போய், சட்டை போய், சாப்பாடு போய், அவன் ஆட்களை எல்லாம் இழுத்துப் பேசிவிட்டார்கள். எழுதவே கூசுகிறது. ஒவ்வொன்றுக்கும் தலைப்பு ‘மெமோ’. ஒவ்வொன்றின் கடைசியிலும் கரண்டி.

வீரமணி எனக்குத் தனியாக ஒரே வரி அனுப்பினான்: “நீங்க ஆரம்பிச்சது சார்.”

குழுவை விட்டுப் போய்விட்டான். மேப்பையும் எடுத்துவிட்டான். அதனால் என்ன, நூறு பேரிடம் நகல் இருக்கிறது.

பதில் எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அதில்கூட ஒரு நகைச்சுவை வந்து உட்கார்ந்துகொண்டது. அழித்தேன்.

14.6.2025

கோடை விடுமுறையில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது தமிழ்வேந்தனையும் அட்மினாகப் போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் ஆள் தொகை நானூறு. பாதிப் பேர் யாரென்றே தெரியவில்லை. யாரும் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்துக் காட்டுவதில்லை, பாட்டுப் போடுவதில்லை. யார் ஏமாற்றினான், யார் போலி, யாரைத் தூக்கலாம் – இதே பேச்சு.

நகல் மேப்பில் பொம்மை இன்னும் நிற்கிறது. எடுக்கவில்லை. இடித்தால் நூறு பாயின்ட் என்று வைத்திருக்கிறார்கள்.

ஒருவன் வீடியோ போட்டிருந்தான். மூன்று ஹாரன் அடிக்கிறான், இவர் பஸ்ஸின் ஹாரன். அடித்துவிட்டு இடிக்கிறான். மூட்டை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். எல்லாரும் சிரிப்புப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். மேனேஜர் போடாவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று – சீ.

19.7.2025

இன்று சாப்பிடும்போது இவர் சொன்னது: “பசங்க நாலஞ்சு பேரு தெனம் முன்சீட்ல குந்திக்கினு போன்ல எடுக்கறானுங்க வாணி. நான் கியர் போட்டா எடுக்கறான், தும்முனா எடுக்கறான். நான் இன்னா சினிமாக்காரனா?”

“உங்க மூஞ்சிக்கு ரசிகருங்க போல,” என்றேன்.

“அட போடி. ஒருத்தன் கையில வாட்ச்சைப் புடிச்சிக்கினே வரான். ஒம்பதாம் வளைவுல நின்னா எழுதிக்கிறான்.”

ரசம் ஊற்றினேன். தட்டுக்கு வெளியே ஊற்றினேன்.

20.7.2025

குழுவில் போய்ப் பார்த்தேன். நிஜ பஸ்களுக்கு ‘டிரிப் ரிப்போர்ட்’ ஆரம்பித்திருக்கிறார்கள். ‘அமிர்தம். ஒன்பதாம் வளைவு. அனுமதி இல்லாத இடம். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.’ கூடவே போட்டோ: கொளஞ்சியம்மாள் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக. கீழே ஒருவன், ‘நூறு பாயின்ட்’ என்று எழுதியிருக்கிறான்.

“நெஜ டிரைவருங்கள விட்டுருங்கப்பா. அவங்க பொழப்பு அது,” என்று எழுதினேன்.

தமிழ்வேந்தன்: “இன்னா மேனேஜரே, பம்முறீங்க? சொந்தக்காரரா?”

ஆமாம்டா, என் புருஷன்டா, உன் மேனேஜருக்கு மீசையும் இல்லை ஒன்றும் இல்லை – இவ்வளவும் தட்டினேன். அனுப்பும் இடத்தில் விரல் நின்றது. அழித்துவிட்டு, “சொந்தம்தான், ஒரே ரோட்டுப் புழுதி தின்னவங்க இல்ல?” என்று போட்டேன். சிரித்தார்கள். எனக்கு வாய்த்த திறமை இது. ஓடி ஒளிய இடம் இல்லாதபோது ஜோக்குக்குள் போய் ஒளிந்துகொள்வது.

10.8.2025

தமிழ்வேந்தன் என்னை அட்மினிலிருந்து எடுத்துவிட்டான். நான் போலியாம். விசாரித்ததில் இந்தப் பக்கம் எந்த டெப்போவிலும் இப்படி ஓர் ஓய்வுபெற்ற டிரைவர் இல்லையாம். நியாயமான விசாரணைதான்.

வெளியே தள்ளவில்லை. வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

13.8.2025

இன்று குழுவில் ஒரு வீட்டின் போட்டோ. ‘அமிர்தம் டிரைவர் வூடு இதான்.’

நீலக் கதவு. வாசலில் உடைந்த சிமென்ட் தொட்டி. கொடியில் காக்கிச் சட்டை. அதன் பக்கத்தில் என் பூப்போட்ட நைட்டி. போன மாதம் சாயம் போய்விட்டதென்று திட்டிக்கொண்டே துவைத்த அதே நைட்டி. நானூறு பேர் பார்த்திருக்கிறார்கள்.

எழுந்து போய்த் துணியை எல்லாம் உள்ளே எடுத்துப் போட்டேன். ஈரத்துணி. நாற்காலி, கட்டில், டிவி மேல் என்று வீடு முழுக்கப் போட்டேன். இவர் வந்து, “மழ வருதா இன்னா?” என்றார். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

“வரும்,” என்றேன்.

3.9.2025

பஸ் முதலாளி தீனதயாளன் இவரை ஆபீசுக்குக் கூப்பிட்டிருக்கிறார். முதலாளியும் குழுவில் சேர்ந்திருக்கிறாராம். தன் பஸ்ஸுக்கு ரசிகர்கள் என்று ஆரம்பத்தில் ஒரே பூரிப்பாம். இப்போது ரிப்போர்ட்டுகளை எல்லாம் பிரின்ட் எடுத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.

“நானூறு பேர் பாக்கறான் பழனி. மானம் போவுது. இனிமே ஒம்பதாம் வளைவுல பிரேக் மேல கால் வெச்ச, ஸ்டியரிங்கைப் புடுங்கிக்கினு கரண்டியக் குடுத்துருவேன்” – இப்படிச் சொன்னாராம்.

கரண்டி.

இவர் ஒரு காகிதத்தை நீட்டினார். இரண்டு நாளில் விளக்கம் எழுதித் தரணுமாம். ‘தாங்கள் நிறுத்தியது தெரியவருகிறது. கண்களை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கிறீர்களா?’ என் வரிகள். பறந்ததற்குப் பதில் நிறுத்தியது; மற்றபடி ஒரு கமா மாறவில்லை. கீழே ‘மேனேஜர்’ என்று இருந்த இடத்தில் மட்டும் முதலாளியின் சீல்.

“நீதான் நல்லா எழுதுவியே, பதில் எழுதிக்குடு,” என்றார். பிறகு மெதுவாக, “எவன் எழுதுனான்னு தெர்ல. படிச்சா நீ பேசற மாதிரியே இருக்குது,” என்றார்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. கை கழுவப் போய்விட்டார்.

4.9.2025

எழுதிக் கொடுத்தேன். மனிதாபிமானம், மலைவாழ் பெண்கள், பதினோரு வருட சேவை. வெட்கம் கெட்ட நல்ல கடிதம். என் மெமோவுக்கு நானே விளக்கம்.

11.9.2025

விளக்கம் ஏற்கப்படவில்லை. பஸ்ஸுக்குள் டிரைவரைப் பார்த்தாற்போல் கேமரா மாட்டிவிட்டார்கள்.

28.9.2025

ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிமலையில் வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி இவர் பஸ்ஸிலேயே ஏறினேன். ஐந்தாவது வரிசை, ஜன்னலோரம்.

எட்டாம் வளைவு வரை இவர் கண்டக்டரோடு பேசிக்கொண்டுதான் வந்தார். பிறகு பேச்சு நின்றது. ஒன்பதாம் வளைவில் கொளஞ்சியம்மாள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ரோட்டோரம் நின்றிருந்தாள். இவர் கை ஹாரன் வரை போனது. போய்த் திரும்பிக் கியர் மேல் உட்கார்ந்தது.

அவள் கையைத் தூக்கவில்லை. பஸ் இன்றாவது நிற்கும் என்று நம்பி மூட்டையைத்தான் தூக்கினாள். தலைக்கு ஏற்றி நிமிர்வதற்குள் நாங்கள் போய்விட்டோம். “டிரைவரே… டிரைவரே…” என்ற குரல் பின் கண்ணாடி வரை வந்தது.

பஸ்ஸில் ஒருவர் தாராளமாகக் கொட்டாவி விட்டார்.

முன்சீட்டில் வாட்ச் வைத்திருந்த பையன்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினேன். ஒருத்தனும் இல்லை.

4.11.2025

இருக்க மாட்டார்கள்தான். வேறு ஏதோ துப்பாக்கி கேம் வந்திருக்கிறதாம், எல்லாரும் அங்கே போய்விட்டார்கள். தமிழ்வேந்தன் கடைசியாக எழுதியது மூன்று வாரத்துக்கு முன்: “இந்த குரூப்பு செத்துப்போச்சுப்பா. வேற வேலையைப் பாருங்க.” அவ்வளவுதான். கொண்டுவந்து கொளுத்தினவன் குளிர் காய்ந்துவிட்டுப் போய்விட்டான் – கொளுத்தினது அவன் என்று எழுதுகிறேன் பார். அடுப்பு யாருடையது?

நானூறு பேர் பெயர் அப்படியே இருக்கிறது. காலை வணக்கம் போட்டுப் பார்த்தேன். ஒரு மனுஷன் திறக்கவில்லை.

கேமரா மட்டும் பஸ்ஸில் இருக்கிறது. அதற்குத் துப்பாக்கி கேம் தெரியாது.

11.1.2026

பழைய செல்லில் வீரமணியின் முதல் மேப் இருந்தது. பாயின்ட் எதுவும் இல்லாதது. மதியம் சும்மா ஓட்டினேன். புளியமரம், கோமுகி அணைப் பக்கம், ஏற்றம். எதிரே ஒரு வண்டி இல்லை. முன்பெல்லாம் இந்த நேரத்துக்கு முப்பது பேர் வரிசையாக ஏறுவோம்.

ஒன்பதாம் வளைவில் நிறுத்தினேன். அவள் மூட்டையோடு நின்றாள். மூன்று ஹாரன் அடித்தேன். நின்றுகொண்டே இருந்தாள். ஏறுவதற்கு வீரமணி எதுவும் செய்துவைக்கவில்லை. அப்போது யாரும் அதைக் கேட்கவும் இல்லை. மறுபடி மூன்று அடித்தேன். மறுபடி மூன்று.

வாசலில் இவர் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அவர் பஸ்ஸின் ஹாரன். பதினோரு வருஷம் அவர் கை அடித்தது. தலையை நிமிர்த்தவில்லை.

“போதும் நிறுத்து, மேனேஜரு,” என்றார். “அவ இப்பல்லாம் நடந்தே போய்டறா.”