காலை மாத்திரை

ஐப்பசி 9, செவ்வாய்

இரண்டே மாதத்தில் பதினோரு கிலோ குறைவது நல்லதா, கெடுதலா? எனக்குத் தெரியவில்லை. இவர் சோற்றை அடியோடு நிறுத்திவிட்டு, தினமும் வெறும் வயிற்றில் அரசலாற்றங்கரையில் ஒன்றரை மணி நேரம் நடக்கிறார். "என்ன சார், பாதி ஆளைக் காணோமே!" என்று டீக்கடைக்காரர் கேட்டால் முகம் மலர்ந்துபோகிறது.

இன்று காலை நடந்துவிட்டு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"என்னங்க பண்ணுது?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

வானம் மூடிக் கிடந்தது. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் எழுந்து, "எல்லாம் ஊர்க் கண்ணு. சுத்திப் போடு" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வேளையும் சோறு சாப்பிட்ட காலத்தில் எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையைத்தான் அதே அளவில் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறார். நடக்கக் கிளம்பும்போது அதை அவர் உள்ளங்கையில் வைப்பது நான். எம்.எஸ்ஸி. படித்தவள். சோறில்லாத உடம்பில் அது சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. நாளை டாக்டரிடம் போகலாம் என்றேன். போய்ப் படுத்துவிட்டார்.

புதன்

போனோம். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். "மெதுவா இளைங்க சார், யாரு வேணாங்கறா? சாப்பாட்டைக் குறைச்சா எங்கிட்ட சொல்ல வேணாமா? மாத்திரையை யாரு எடுத்துக் குடுக்கறது?"

இவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நானேதான் போட்டுக்கறேன் டாக்டர்."