வடக்குச் சரிவில் முப்பத்தேழு பேர்

அனுப்புநர்:
மு. அர்ச்சுனன் (வயது 81),
லாவான் ரப்பர் தோட்டத்தின் முன்னாள் மண்டோர் (கங்காணி),
தற்போது செனாவாங், நெகிரி செம்பிலான்.

பெறுநர்:
தளபதி அவர்கள்,
லாவான் விமானப்படைத் தளம்,
ரெம்பாவ் மாவட்டம்.

பொருள்: ஓடுபாதை நீட்டிப்புக்காக வெட்டப்படவுள்ள சரிவில் எங்கள் இடுகாடு இருப்பதும், 1974இல் நான் வைத்த கைரேகை தவறானது என்பதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை நானே எழுதுகிறேன். செனாவாங் கோயில் வகுப்பில் பதினான்கு மாதம் படித்தேன். இதை எழுத ஒன்பது நாள் ஆனது. மலாய் மொழிபெயர்ப்பைப் பேத்தி புனிதா இணைத்திருக்கிறாள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

1. ஜப்பான்காரன் காலத்தில் தங்கள் ஓடுபாதைக்கு மண் சுமந்தவர்களில் என் அப்பா முனியாண்டியும் ஒருவர். காய்ச்சலிலும் பட்டினியிலும் விழுந்தவர்களை வடக்குச் சரிவில் புதைத்தார்கள். பிறகு அதே பாதையில் வெள்ளைக்காரர்கள் விமானம் இறக்கினார்கள். தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்தச் சரிவில்தான் புதைத்தோம். 1974இல் நம் விமானப்படை தளத்தைப் பெரிதாக்கியபோது சரிவு வேலிக்குள் போயிற்று. இன்று அங்கே ஹெலிகாப்டர் பயிற்சி நடக்கிறது. வெள்ளத்தில் கூரைமேல் நிற்பவர்களைத் தூக்கிவர அங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். அந்த வேலை நடக்க வேண்டும். தளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

2. வேலியில் உள்ள சிவப்புப் பலகையில் துப்பாக்கிப் படத்தை மட்டுமே ஐம்பது வருடம் பார்த்தேன். போன வருடம் ‘தடை செய்யப்பட்ட இடம்’ என்று எழுத்துக்கூட்டி வாசித்தேன். மகிழ்ச்சியில் வீடு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். கடந்த மார்ச்சில் பத்திரிகையையும் நானே வாசித்தேன். ஓடுபாதை வடக்குச் சரிவுவரை நீளும், ஜூன் 16இல் மண் வெட்டத் தொடங்குவார்கள் என்று அதில் இருந்தது.

3. புனிதா மூலம் ஆட்சேபம் அனுப்பினேன். தங்கள் அலுவலகம் 1974ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றின் நகலை அனுப்பியது. ‘சரிவில் சமாதி எதுவும் இல்லை, பழைய பால் மங்குகள் மட்டும் கிடக்கின்றன, தோட்ட மண்டோர் உறுதி செய்கிறார்’ என்று அதில் உள்ளதாகப் புனிதா சொன்னாள். கீழே இருப்பது என் கைரேகை. மரங்களை எண்ணிய கணக்கு என்று தோட்ட அலுவலகக் கிராணி ஹேமநாதன் சொன்னார், நான் விரலை வைத்தேன். அவர் இப்போது இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காதது என் குற்றம்.

4. அந்த மங்குகள்தான் சமாதிகள், ஐயா. எழுதத் தெரிந்தவர் இல்லாததால் நாங்கள் பெயர்க்கல் வைக்கவில்லை. இறந்தவர் மரத்தில் கட்டிப் பால் எடுத்த மங்குக் கிண்ணத்தைத் தலைமாட்டில் கவிழ்த்து வைப்பது எங்கள் வழக்கம். அளக்க வந்தவர்கள் அதைத் தூக்கிப்போட்ட சாமான் என்று நினைத்துவிட்டார்கள்.

5. என் மகள் இந்துமதி 1971இல் மூன்று வயதில் இறந்தாள். அவளுக்கு ஏது மங்கு? என்னுடையதை வைத்தேன். அவள் அங்கே இல்லை என்று நானே உறுதி சொல்லியிருக்கிறேன். என் மனைவி தாயம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. இந்த மனுவை அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை.

6. முப்பத்தேழு பேரில் முப்பத்தொரு பேரின் பெயரை எழுதி இணைத்துள்ளேன். மற்ற ஆறு பேரின் பெயர் யாருக்கும் தெரியாது. யார் எங்கே என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். ஆகவே 1974ஆம் ஆண்டுப் பத்திரத்தைத் தள்ளிவைத்து, எலும்புகளை நாங்கள் எடுத்து ரெம்பாவ் இடுகாட்டில் சேர்க்கும்வரை அந்தச் சரிவில் இயந்திரம் இறக்க வேண்டாம் என்று மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 9, காலை எட்டு மணிக்கு மகன் புவனேஸ்வரன் என்னை மோட்டாரில் தங்கள் வாசலுக்குக் கொண்டுவருவான். என்னால் இரண்டு மணி நேரம் நடக்க முடியும். நான் நிற்கும் இடத்திலெல்லாம் ஒரு கம்பு ஊன்ற, ஒரே ஒரு சிப்பாயை என்னோடு அனுப்புங்கள்.

இடம்: செனாவாங்
நாள்: 26.5.2025

தங்கள் அனுமதிக்குக் காத்திருக்கும்,
மு. அர்ச்சுனன்
(சொந்தக் கையெழுத்து)